ஆலப்புழா குப்பை ஸ்டடி டூர்: போறவங்க இத வாசிச்சுட்டு போங்க

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கமெல்லாம் இப்ப குடியிருப்போர் சங்கம், வியாபாரிகள் சங்கம், மகளிர் குழு, சர்ச் பங்குப் பேரவைன்னு நெறைய பேரு வேற ஊருக்கு போயி அங்க என்ன செய்யுதாங்கன்னு பாத்துட்டு வருவோம்னு கெளம்புதாங்க, அதுக்குன்னே வண்டி, ரூம், சாப்பாடு, ஆபீஸ் பெர்மிஷன் எல்லாம் சேத்து பேக்கேஜ் போட்டு கூட்டிட்டு போறவங்களும் வந்தாச்சு. எங்க ஏரியா சங்கங்கள்ல இருந்து ஒரு டீமா அப்படி ஒரு பேக்கேஜ்ல கேரளாவுல ஆலப்புழா போயி, அங்க குப்பைய எப்படி முடிக்காங்கன்னு பாத்துட்டு வந்தோம். ஏற்பாடு செஞ்சவங்க பேரு இங்க போடல, குறையும் சொல்லப்போறேன், அத அவங்ககிட்ட நேர்லயே சொல்லியாச்சு. அடுத்து போறவங்களுக்கு உபயோகப்படணும்னு தான் எழுதுறேன்.

முதல்ல ஊரு. எங்கள்ல சிலருக்கு இந்தூர் போகணும்னு ஆசை, 2017ல இருந்து வரிசையா நாட்டுலயே சுத்தமான ஊருன்னு பேரு வாங்குன இடம், ஒரு நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையில கேஸ் எடுக்கிற பிளாண்ட் 2022ல இருந்து ஓடுது. பாக்க வேண்டிய ஊரு தான், ஆனா அந்த அளவு பணமும் மிஷினும் நம்ம கைக்கு வராது, பாத்து பிரமிச்சுட்டு வந்துருவோம், அவ்வளவு தான். ஆலப்புழா அப்படி இல்ல. அங்க அம்பது வார்டுக்கு மேல, நாகர்கோவில் மாநகராட்சியும் 52 வார்டு. 2011 கணக்குப்படி அங்க ஒன்னேமுக்கால் லட்சம் ஜனம், இங்க ரெண்டேகால் லட்சம். அதே மழை, அதே தென்னை, ஓடு வீட்டுக்கு பக்கத்துல புது மாடி வீடு, தோண்டுனா தண்ணி வர்ற மண்ணு. அங்க முடியும்னா இங்கயும் முடியும்னு வாய் தெறந்து சொல்ல அந்த ஒப்புமை வேணும்.

இதுக்கு ஒரு வியாபாரி அண்ணாச்சி கேட்ட கேள்விய மறைக்க விரும்பல. "கேரளாவுல இருந்து எல்லையில களியக்காவிளை வழியா ராத்திரியோட ராத்திரியா கோழிக்கழிவ கொண்டு நம்ம ஓடையில தட்டுறது யாரு? 2024 டிசம்பர்ல ஆஸ்பத்திரிக் கழிவ திருநெல்வேலி பக்கம் கொட்டிட்டு, பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பெறவு தான அள்ளிட்டு போனாங்க? அவங்ககிட்ட போயி என்னத்த படிக்க?" நியாயமான கோபம், எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனா அந்த லாரியெல்லாம் எங்கிருந்து கெளம்புதுன்னு யோசிச்சா, குப்பைய மொத்தமா ஒரு எடத்துல கொண்டு குவிக்கிற பழக்கத்துல இருந்து தான். திருவனந்தபுரத்துக்காரங்க குப்பைய எல்லாம் விளப்பில்சாலைல கொட்டுனாங்க, அந்த ஊரு ஜனம் எதுத்து நின்னு 2011 கடைசியில அந்த பிளாண்ட மூடியாச்சு. கொச்சிக்காரங்க பிரம்மபுரத்துல கொட்டுனாங்க, 2023 மார்ச்சுல அது தீ புடிச்சு பத்து நாளைக்கு மேல ஊரே புகைக்குள்ள கெடந்தது. ஆலப்புழாவுக்கும் சர்வோதயபுரம்னு ஒரு குப்பைக் கெடங்கு இருந்தது, அங்கயும் ஜனம் லாரிய மறிச்சாங்க. கொட்ட எடமே இல்லாம தெருவுல குப்பை நாறுன நெலமைல, 2012ல வீட்டுக் குப்பைய வீட்டுலயே முடிக்கணும், மிச்சத்த வார்டுக்குள்ளயே முடிக்கணும்னு "நிர்மல பவனம் நிர்மல நகரம்"னு தொடங்குனாங்க. எம்எல்ஏவா இருந்த தாமஸ் ஐசக் இதுல ரொம்ப முன்ன நின்னாரு. 2017ல ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு இந்த விஷயத்துல உலகத்துலயே அஞ்சு ஊர எடுத்துச் சொன்னப்ப, ஜப்பான் ஒசாகா கூட ஆலப்புழாவும் இருந்தது. நாகர்கோவில் குப்பைய கொட்டுன வலம்புரிவிளைப் பக்கம் வீடு உள்ளவங்களுக்கு இத யாரும் வெளக்க வேண்டாம், கெடங்கு புகைன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியும். அண்ணாச்சியும் கடைசில வந்தாரு.

இனி டூர் எப்படின்னு சொல்றேன். வடசேரியில இருந்து டெம்போ டிராவலர், ஏசி, டிரைவர் தம்பி தங்கமான ஆளு, ஒருக்கா கூட போன எடுக்கல. கொல்லம் தாண்டுன பெறவு என்ஹெச் 66 ஆறுவழி வேலையில வண்டி ஊர்ந்து தான் போகும், அதனால போய்ச் சேர்ற நேரத்த யாரும் நம்பாதீங்க. பெண்கள் வந்தா வழில நல்ல பாத்ரூம் எங்கெங்க நிப்பாட்டுவீங்கன்னு கெளம்புறதுக்கு முன்னயே கேட்டு வாங்குங்க, எங்க கூட வந்த அக்காமாரு இதுல ரொம்ப கஷ்டப்பட்டாங்க. ரூம் சுத்தம். சாப்பாடு மட்ட அரிசிச் சோறு, மீன் கறி, மரச்சீனி, நம்ம நாக்குக்கு புதுசே இல்ல, நல்லா இருந்தது. எல்லாம் சேத்து ஆளுக்கு மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சுது, அந்தக் காசு தகும்.

பெரிய குறை, டைம்டேபிள். காலைல முழுக்க ஒரு ஹால்ல உக்கார வச்சு பவர்பாயிண்ட். பேசுனவரு நல்லா தான் பேசுனாரு, ஆனா அவரு காட்டுன படமெல்லாம் நம்ம போன்லயே கெடைக்கும். மத்தியானம் நேரா ஹவுஸ்போட். காயல் அழகு தான், யாரு இல்லன்னா, ஆனா சங்கத்துக் காசுல போறது போட்ல உக்காந்து கரிமீன் திங்கவா? சாயந்தரம் அடுக்களைக் கழிவ உரமாக்குற ஏரோபிக் யூனிட்டுக்கு கூட்டிட்டு போனாங்க, பூட்டிக் கெடந்தது. ஜனம் குப்பை கொண்டு வர்றது விடியக்காலைல, அந்த நேரத்துல நாங்க ரூம்ல தூங்கிட்டு இருந்தோம்! பெறவு எங்க மகளிர் குழு அக்கா ஒருத்தங்க நாளைக்கு காலைல ஆறு மணிக்கு அங்க நிக்கணும்னு ஒரே பிடியா நின்னாங்க, அந்த அக்கா இல்லன்னா எங்க டூர் வீணாப் போயிருக்கும்.

மறுநாள் பாத்தது தான் டூரு. கால்வாய் ஓரமா செவுத்துல படமெல்லாம் வரைஞ்ச ஒரு ஷெட்டு, உள்ள வரிசையா தொட்டி, நாலடி நீளம் நாலடி அகலம் நாலடி ஒயரம், நாலு பக்கமும் காத்து போற மாதிரி இடைவெளி விட்டு கட்டிருக்கு. தும்பூர்முழி மாடல்னு சொல்றாங்க, கேரளா கால்நடைப் பல்கலைக்கழகத்தோட தும்பூர்முழி பண்ணையில உருவாக்குனது. அடியில சாணி, மேல காஞ்ச சருகு, அதுக்கு மேல அடுக்களைக் கழிவு, திரும்ப சருகு, இப்படி ஆறு ஆறு இஞ்சா அடுக்கு. அங்க வேல பாக்குற சேச்சி ஒரு தொட்டியில மேல் சருக ஒதுக்கிட்டு "கைய வச்சுப் பாருங்க"ன்னாங்க, வச்ச உடனே எடுத்துட்டேன், அவ்வளவு சூடு, எழுபது டிகிரி வரைக்கும் போகுமாம், அந்தச் சூட்டுல தான் புழுவும் கிருமியும் சாவுது, நாத்தம் வரல. மூணு மாசத்துல உரம். பக்கத்துல முடிஞ்ச தொட்டியில இருந்து அள்ளிக் காட்டுனது தேயிலைத் தூள் மாதிரி இருந்தது, மூக்கு கிட்ட வச்சும் மழை பெஞ்ச மண்ணு வாசம் தான்.

ஒருத்தரு ஸ்கூட்டர்ல வந்து கவரோட நீட்டுனாரு, உள்ள ஷாம்பு பாக்கெட்டும் கெடந்தது. சேச்சி வாங்கல. திருப்பிக் குடுத்து அங்கயே நின்னு பிரிச்சுட்டு தாங்கன்னாங்க, அவரும் முணுமுணுக்காம பிரிச்சுக் குடுத்துட்டு போனாரு. பவர்பாயிண்ட்ல இது வராது. ஒரு பணியாளர் குப்பைய வாங்க மாட்டேன்னு சொல்லலாம், சொன்னா நகரசபை அவங்க பக்கம் நிக்கும், அந்த ஒரு ஒறுதி இல்லன்னா எத்தன தொட்டி கட்டியும் பிரயோஜனமில்ல. நம்ம ஊர்லயும் நுண் உரக்கூடம் இருக்கு, மக்குறது மக்காததுன்னு தனித்தனி பக்கெட்டும் இருக்கு, வாங்கமாட்டேன்னு சொல்லுற அந்த தைரியத்த நாம நம்ம தூய்மைப் பணியாளர்களுக்கு குடுத்திருக்கோமா?

பெறவு ஹரித கர்ம சேனா பெண்கள் கூட ரெண்டு தெரு நடந்தோம். குடும்பஸ்ரீங்கிற கேரளா மகளிர் குழுப் பெண்கள், பச்சை கோட்டு போட்டு வீடு வீடா போயி பிளாஸ்டிக் மாதிரி மக்காதது மட்டும் எடுக்காங்க, கழுவிக் காயவச்சு குடுக்கணும், வீட்டுக்காரங்க மாசாமாசம் ஃபீஸ் கட்டணும். வாசல்ல ஒட்டுன கியூஆர் கோட ஸ்கேன் பண்ணா இந்த வீட்டுல எடுத்தாச்சுன்னு பதிவாகும். செருப்பு, கண்ணாடி, பழைய எலக்ட்ரானிக் சாமான் எல்லாத்துக்கும் வேற வேற மாசம்னு காலண்டர் இருக்கு. எல்லா வீட்டுலயும் சிரிச்சு வரவேற்கல, ஒரு வீட்டுல காசு தர மாட்டேன்னு சத்தமே போட்டாங்க, அதையும் பாத்தது நல்லது.

யார கூட்டிட்டு போகணும்ங்கிறது தான் என் முக்கியமான வேண்டுகோள். எங்க டீம்ல தலைவர், செயலாளர், பொருளாளர்னு வெள்ளைச் சட்டைக்காரங்க தான் அதிகம். அடுத்த டீம்ல தூய்மைப் பணியாளர்கள், ஓட்டல்காரர், கல்யாண மண்டபம் நடத்துறவங்க, மீன் விக்கிற அம்மாமாரு, கடற்கரை ஊர்கள்ல இருந்து அன்பியத் (சர்ச் குடும்பக் குழு) தலைவிமாரு இருக்கணும். எங்க கூட வந்த மண்டபக்காரர் ஒருத்தர் தான் திரும்பி வந்ததும் வேலைய தொடங்குனாரு, பந்திக்கு பேப்பர் கப்ப நிப்பாட்டிட்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வச்சாரு, எச்சில் இலைய போட ஒரு தொட்டி கட்ட அளவு எடுத்தாச்சு. நாம தெனமும் சாயந்தரம் முற்றத்த தூத்து கொளுத்துற பலா, மாஞ்சருகு இருக்குல்லா, அந்தத் தொட்டிக்கு வேண்டியது அது தான், தயவுசெஞ்சு கொளுத்தாதீங்க, சாக்குல கட்டி வைங்க.

நம்மால முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. தமிழ்நாடு முழுக்க பிளாஸ்டிக் தடை வந்தது 2019 ஜனவரி 1ல, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல அதுக்கு பல வருஷம் முன்னயே தொடங்குனது, கடையில துணிப்பை கொண்டு போன பழக்கம் பலருக்கு நெனவிருக்கும்.

என் மார்க்: வண்டி, ரூம், சாப்பாட்டுக்கு அஞ்சுக்கு நாலரை. டைம்டேபிளுக்கு ரெண்டு. ஆலப்புழாவுக்கு அஞ்சுக்கு அஞ்சு. ஜூன், ஜூலை மழையிலயும் ஆகஸ்ட்ல வள்ளங்களி (படகுப் போட்டி) கூட்டத்துலயும் போகாதீங்க. பணம் கட்டுறதுக்கு முன்ன நிகழ்ச்சி நிரல எழுத்துல வாங்குங்க, அதுல காலைல ஆறு மணிக்கு யூனிட்டும், ஹரித கர்ம சேனா கூட நடக்கிறதும் இல்லன்னா சேத்துத் தரச் சொல்லுங்க, ஹவுஸ்போட்ட எடுத்துரச் சொல்லுங்க, அந்தக் காசுல இன்னும் ரெண்டு பணியாளர கூட்டிட்டு போகலாம்.