கிணற்றுக் கணக்கும் ஆர் மொழியும்: ஆறு வருட அனுபவம்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஒன்பது கிணறுகளின் நீர்மட்டத்தை 2019 முதல் மாதாமாதம் குறித்து வருகிறேன். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அளப்பேன். முதலில் நோட்டு, பிறகு எக்செல், அப்புறம் ஆர் (R) மொழி, அதாவது புள்ளிவிவரக் கணக்குக்கான கணினி நிரல் மொழி. படம் வரைய அதில் ஜிஜிபிளாட்2 (ggplot2) என்ற கூடுதல் நிரல் தொகுப்பு. ஹாட்லி விக்காம் 2007இல் வெளியிட்டது. ஆர், ஜிஜிபிளாட்2 இரண்டும் இலவசம்.

எண்களைத் தட்டி ஏற்ற எனக்கு இன்றும் எக்செல்தான். ஆனால் மாதாமாதம் ஒன்பது கிராஃபையும் தனித்தனியாகத் திருத்தி மாளவில்லை. ஆரில் ஒருமுறை எழுதிய இருபது வரி நிரலை ஓட்டினால் போதும், ஒன்பதும் ஒரே அளவுகோலில் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. பழக நான்கு மாதம் ஆனது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் நின்றுவிடும், பொறுமை வேண்டும்.

முதல் கிராஃபை அச்செடுத்து டீக்கடையில் காட்டினேன். பெரியப்பா பார்த்துவிட்டு, "சித்திரையில தண்ணி ஏறுதா? என்னப்பா இது?" என்றார். அவர் கேட்டது நியாயம். ஆழம் கூடக் கூட எண் கூடும், கோடும் மேலே ஏறும். 'ஸ்கேல் ஒய் ரிவர்ஸ்' என்று ஒரு வரி சேர்த்தேன். சுழியம் தரைமட்டமாக மேலே போனது, கோடு கோடையில் கீழே இறங்கியது. அடுத்த முறை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரவர் கிணற்றை அவரவரே விரல் வைத்துக் காட்டினார்கள். இந்த ஆறு வருடத்தில் நான் செய்த திருத்தங்களில் இதுதான் பெரிது.

அதிகம் வாட்டியது தமிழ் எழுத்து. ஊர்ப்பெயரில் 'கெ' வந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ராக் (ragg) என்ற இன்னொரு ஆர் தொகுப்பு வழியாகப் படத்தைச் சேமித்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்த பிறகு சரியானது.

சராசரியை மட்டும் தனியாகப் போடுவதை விட்டுவிட்டேன். ஏரிக்கரைக் கிணறுகள் இரண்டில் தண்ணீர் மேலேயே நிற்கும், மேட்டுக் கிணறுகளில் அடியில் கிடக்கும். சராசரி சொன்ன ஆழத்தில் ஒரு கிணற்றின் நீர்மட்டமும் இல்லை. 1973இல் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு எண் தொகுதிகளைக் காட்டினார். நான்கிலும் சராசரி, ஒட்டுறவு (இரண்டு எண் வரிசைகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு) எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். அதனால் இப்போது புள்ளிகளைத்தான் முதலில் வரைகிறேன்.

மாவட்ட அளவிலான எண்களோடு ஒப்பிடுபவர்களுக்கு ஒன்று. 1989இல் வட ஆற்காட்டிலிருந்து (மிச்சம்தான் பிறகு வேலூர் மாவட்டம்) திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. சாகுபடிப் பரப்பை அப்படியே கோடாக இழுத்தால் இந்த இரண்டு இடத்திலும் மடாரென்று விழும். விவசாயம் அழிந்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் சுருங்கியது மாவட்டத்தின் பரப்புதான். அந்த ஆண்டுகளில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'மாவட்டப் பிரிவு' என்று எழுதிவிடுங்கள். தாலுகா வாரியாக எண் கிடைத்தால் இன்னும் நல்லது, பழைய எல்லைக்கே கூட்டிக்கொள்ளலாம்.