மூன்று உறைகளும் ஒரே பையில் வந்தன

எங்கள் தோட்டத்தில் பொது மண்டபம் கட்டப் போய் ஏமாந்த கதை இது. ஆட்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதவில்லை, விவகாரம் இன்னும் மத்தியஸ்த சபையில், அதாவது இரு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமரசம் பேசும் சபையில், கிடக்கிறது. இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம் என்பது போதும். கோயில் கமிட்டியோ மாதர் சங்கமோ மரண சகாய சங்கமோ, யாராவது முன்பள்ளி, நூல்நிலையம், மண்டபம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தால், முதல் காசோலையில் கையெழுத்து வைப்பதற்கு முன் வாசித்துவிடுங்கள்.

நான் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். சனசமூக நிலையத்துக்குச் செயலாளரும் நான்தான். கணித டீச்சர் என்பதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் புரியும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு சடங்கு, ஒரு செத்தவீடு என்றால் எங்களுக்கு உட்கார இடமில்லை. மழை பெய்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைக் கேட்டு தோட்ட மானேஜர் துரையின் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். அதனால் 2016இல் வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் சந்தா தொடங்கினோம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்த பிறகு 200 ஆக்கினோம். கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகளும், வீட்டு வேலைக்கு வெளிநாடு போன பெண்களும் அனுப்பினார்கள். 2022இல் சீமெந்து மூட்டை 3,000 ரூபாயைத் தாண்டியபோது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தோம். 2023 முடியும்போது வங்கியில் 45 இலட்சம் இருந்தது. காணிக்குக் கடிதம் வாங்க இரண்டு வருடம் அலைந்தோம், அது தனிக் கதை.

டென்டர், விலைமனு எல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லாத விசயம். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை 2018இல் திருத்தும் வரை சபைக் காசு தோட்டத்துக்குள் வருவதே பெரும்பாடு. கோயிலைக் கட்டினாலும் படிக்கட்டைப் போட்டாலும் தெரிந்த மேசன் பாஸைக் கூப்பிட்டு, கூலி பேசி, சாப்பாடு கொடுத்து முடித்துவிடுவோம். இது பெரிய வேலை, முறையாகச் செய்வோம் என்று நினைத்தோம். முறை தெரிந்தவர் என்று நம்பித்தான் அந்த ஆலோசகரைப் பிடித்தோம்.

ஹட்டனில் ஒருவர் அறிமுகப்படுத்தினார். எல்லாரும் அவரை ‘எஞ்சினியர் சார்’ என்றார்கள், நாங்களும் சொன்னோம். அவர் கட்டடப் படம் வரைபவர், எஞ்சினியர் இல்லை என்று தெரிய ஆறு மாதம் போனது. பொறியியலாளர்கள் பதிவு செய்ய 2017ஆம் ஆண்டின் சட்டப்படி பொறியியல் பேரவை என்று ஒன்று இருக்கிறது, பதிவு இலக்கம் என்னவென்று கேட்டிருக்கலாம். மனிதர் கழுத்துப் பட்டியோடு வந்து நிற்கும்போது எப்படிக் கேட்பது என்று எங்கள் தலைவரண்ணனுக்குக் கூச்சம். எனக்கும்தான்.

“டீச்சர், நீங்க ஒன்னுக்கும் அலைய வேணாம். படம், பி.ஓ.கியூ, கொந்தராத்துக்காரர், எல்லாம் நானே பார்த்துக்கிறேன்” என்றார். பி.ஓ.கியூ என்றால் ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் வரி வரியாகப் போட்ட பட்டியல். அன்று அதைக் கேட்டு எங்களுக்கு அப்படியொரு நிம்மதி. வேலையைச் சரிபார்க்க வேண்டிய ஆளே வேலைக்காரனையும் கூட்டிக்கொண்டு வந்தால், யார் யாரைச் சரிபார்ப்பது? அந்தக் கேள்வி கமிட்டியில் ஒருவருக்கும் வரவில்லை. படத்துக்கு ஒன்றரை இலட்சம், மேற்பார்வைக்கு மொத்தச் செலவில் 5 சதவீதம் என்று பேசினோம். செலவு ஏற ஏற அவருக்கும் கூலி ஏறும் என்பதும் உறைக்கவில்லை.

ஒரு வாரத்தில் மூன்று விலைமனுக்கள் வந்தன. மூன்றையும் அவரே தன் பையில் கொண்டுவந்தார். மூன்றும் ஒரே மாதிரிக் காக்கி உறை. கொந்தராத்துக்காரர் ஒருவர்கூட இடத்தை வந்து பார்க்கவில்லை. மூன்றில் குறைந்தது 49 இலட்சத்து 50 ஆயிரம், அதற்கு மேல் 18 சதவீத வற் வரி, அதாவது பெறுமதி சேர் வரி, 8 இலட்சத்து 91 ஆயிரம். ஆக 58 இலட்சத்து 41 ஆயிரம். 24 அடிக்கு 40 அடி மண்டபம். கையில் இருப்பதைப் போட்டுத் தொடங்குவோம், மிச்சத்தைக் கட்டக் கட்டச் சேர்ப்போம் என்று கை தட்டி முடிவெடுத்தோம்.

அந்த வற் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. வற்றுக்குப் பதிவு செய்தவர்தான் வற் அறவிடலாம். பதிவு இருந்தால் 7000 என்று முடியும் இலக்கம் ஒன்று இருக்கும். எங்கள் விலைமனுவில் வரி இருந்தது, இலக்கம் இல்லை. அந்தக் காசு திறைசேரிக்குப் போகவில்லை, கொந்தராத்துக்காரர் சட்டைப்பைக்குப் போனது.

விலைமனுவோடு கொந்தராத்துக்காரரின் பதிவுச் சான்றிதழின் பிரதி ஒன்றும் இருந்தது. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, எல்லாரும் சீடா என்பார்களே, அங்கே கொந்தராத்துக்காரர்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்கிறார்கள். எந்த வகை வேலைக்குப் பதிவு என்பதும் எந்தத் திகதி வரை செல்லும் என்பதும் அதில் இருக்கும். முத்திரையைப் பார்த்ததோடு நாங்கள் திருப்திப்பட்டுவிட்டோம். பிறகு நிதானமாக வாசித்தபோது அது வீதி வேலைக்கான பதிவு. பெயரும் எங்களிடம் வந்தவருடையது இல்லை. வேறொருவரின் பதிவை வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறார்.

2024 பெப்ரவரியில் முற்பணம் 30 சதவீதம் கேட்டார்கள், 17 இலட்சத்து 52 ஆயிரத்து 300 ரூபாய். அரசாங்க வேலைகளில் முற்பணம் வழக்கமாக 20 சதவீதத்துக்கு மேல் போகாது, அதுவும் வங்கி உத்தரவாதம் வைத்தால்தான். எங்களுக்குக் கிடைத்த உத்தரவாதம் கொந்தராத்துக்காரருடைய கடிதத் தாளில் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட நாலு வரி.

இனி எனக்கு இன்னும் தூக்கம் கெடுக்கும் பகுதி.

எங்கள் இடம் சரிவு. மேலே தேயிலை, கீழே தொழிலாளர் வரிசை வீடுகளான தொங்கல் லயம். மலைநாட்டில் கட்டடம் என்றால் பாதிச் செலவு மண்ணோடு மல்லுக்கட்டுவதற்குத்தான், இது பிள்ளைகளுக்கும் தெரியும். பி.ஓ.கியூவில் அதற்கு ஒரே வரி: “இடத்தைச் சமப்படுத்தல், மொத்தமாக 75,000 ரூபாய்.” தாங்கு சுவர் கிடையாது. தண்ணீர் ஓடக் கான் கிடையாது. மண்சரிவு அபாயமுள்ள பகுதியில் கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும், அதுவும் கிடையாது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை டீவியில் பார்த்து அழுதவர்கள்தான் நாங்களும்.

மண்ணை வெட்டிய பிறகு ‘மேலதிக வேலை’ என்று பில் வந்தது. பாறை உடைத்தல், தாங்கு சுவர், 11 இலட்சத்து 80 ஆயிரம். “சுவர் இல்லாம நிக்காது டீச்சர், நீங்களே பாருங்க” என்றார் ஆலோசகர். உண்மைதான், நிற்காது. வெட்டிய மண் மேலே தொங்குகிறது, கீழே ஜனம் இருக்கிறது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முதலில் வேண்டுமென்றே விட்டுவிட்டு, திரும்ப முடியாத இடத்துக்கு வந்த பிறகு அதற்கு விலை சொல்கிறார்கள். பேரம் பேசி 6 இலட்சம் கொடுத்தோம். கருங்கல் சுவரில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டைகூட விடவில்லை. ஜூன் மழையில் வயிறு தள்ளியது, ஒரு இராத்திரி பாதி சரிந்து தொங்கல் லயத்தின் பின் கானை மூடியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்மன் புண்ணியம். ஆனால் இரண்டு குடும்பங்கள் ஒரு கிழமை பாடசாலையில் படுத்தார்கள்.

ஜூலையில் கொந்தராத்துக்காரர் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முதல் பில் 9 இலட்சத்து 60 ஆயிரத்தையும் சேர்த்தால் அதுவரை கொடுத்தது 33 இலட்சத்துக்கு மேல். வேலை சரியாக முடியும் வரை பில்லில் 10 சதவீதம் பிடித்து வைக்கும் வழக்கம் உண்டாம், நாங்கள் ஒரு சதமும் பிடிக்கவில்லை. தெரிந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நடந்திருப்பது 14 இலட்சத்துக்கு மேல் தேறாது என்றார்.

அன்று இரவுதான் மூன்று விலைமனுக்களையும் மேசையில் பரப்பினேன். சுவர்ப் பூச்சு சதுர அடிக்கு 150, 162, 168. கல் கட்டு 250, 270, 280. கதவு ஒன்று 45,000, 48,600, 50,400. வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது ஆள் முதல் ஆளைவிடச் சரியாக 8 சதவீதம் கூட. மூன்றாவது ஆள் 12 சதவீதம் கூட. ஆணி முதல் ஓடு வரை ஒரு வரிகூடத் தப்பவில்லை. மூன்று பேர் மூன்று இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் இப்படி வருமா? ஒருவர் சீமெந்தில் கூட்டுவார், இன்னொருவர் கம்பியில் குறைப்பார். ஒரே கை ஒன்றை எழுதி, மற்ற இரண்டையும் பெருக்கி எடுத்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சதவீதம் படிப்பித்துக்கொண்டிருந்த அதே வாரம்தான் இந்த உறைகள் என் கையில் இருந்தன.

பொலிசில் இது சிவில் விசயம் என்றார்கள். மத்தியஸ்த சபைக்குக் கொந்தராத்துக்காரர் ஒரு தடவை வந்தார், தவணையில் தருவதாக ஒத்துக்கொண்டு 50,000 கட்டினார், அப்புறம் ஆளே இல்லை. ஆலோசகர் போனை எடுக்கிறார், மரியாதையாகப் பேசுகிறார், “நான் படம் மட்டும்தானே டீச்சர் போட்டேன்” என்கிறார். அவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அரைப் பக்கம், அதில் அவருடைய பொறுப்பு என்று எழுதியிருந்ததும் படம் மட்டும்தான்.

இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறோம். இந்த முறை ஆலோசகர்களிடம் முதலில் விலை கேட்கவில்லை. எங்கள் தேவை, இடத்தின் சரிவு, கையில் உள்ள காசு, மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, எப்படிச் செய்வீர்கள், சரிவில் எங்கே கட்டியிருக்கிறீர்கள், போய்ப் பார்க்கலாமா என்று கேட்டோம். அது ஒரு உறை, விலை இன்னொரு உறை. முதல் உறையில் தேறியவர்களின் இரண்டாவது உறையை மட்டும்தான் பிரித்தோம். கொந்தராத்துக்காரர் எவரோடும் தொடர்பில்லை என்று கையெழுத்தும் வாங்கினோம். நான்கு பேர் அனுப்பினார்கள். இடத்தையே பார்க்காமல் இரண்டு நாளில் அனுப்பியவரை ஒதுக்கினோம். வயதான ஒருவர் மழையோடு வந்து, எங்களிடம் ஒன்றும் கேட்காமல் தேயிலைக்குள் ஏறி, மேல் கான் எங்கே போய் விழுகிறது என்று பார்த்துவிட்டு இறங்கினார். தேறிய இன்னொருவரைவிட 80,000 ரூபாய் கூடத்தான் கேட்டார். அவரைத்தான் எடுத்தோம். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பித்ததும் அவர்தான். மண்டபத்தை 40 அடி தள்ளிப் போடச் சொல்லிவிட்டார்கள். பழைய தூண்களில் இப்போது உடுப்புக் காயப்போடுகிறார்கள்.

கொந்தராத்துக்கான அறிவித்தலைக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒட்டியிருக்கிறோம். எல்லாருக்கும் ஒரே பி.ஓ.கியூ, ஒரே நாளில் இடம் பார்க்க வர வேண்டும், உறை பூட்டிய பெட்டியில். ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்றிலில் சந்தா கட்டிய எல்லார் முன்னாலும் பிரிப்போம்.

பழைய ஆலோசகர் தலவாக்கலைப் பக்கம் ஒரு டிவிசனில் முன்பள்ளிக்கு மதிப்பீடு கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கமிட்டியில் யாராவது இதை வாசித்தால், மூன்று விலைமனுக்களையும் எடுத்து வைத்து முதல் பக்கத்தை மட்டும் கல்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள். 1.08 என்று வருகிறதா என்று எனக்கும் சொல்லுங்கள்.