சுழலும் வாலும் கழுத்துள்ள மீனும்

பாக்டீரியாவின் வால் குட்டி மோட்டார் போலச் சுழலும். ஒரு பாகத்தைக் கழற்றினாலும் ஓடாது, ஆகவே யாரோ வடிவமைத்ததுதான் என்கிறது அறிவார்ந்த வடிவமைப்பு, அதாவது பரிணாமத்துக்கு மாற்றாக, உயிர்களை ஓர் அறிவு வடிவமைத்தது என்னும் கருத்து. 2005இல், இந்தக் கருத்தைப் பள்ளி அறிவியல் வகுப்பில் சேர்ப்பது பற்றி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த டோவர் பள்ளி வழக்கில், உயிர்வேதியியலாளர் மைக்கேல் பிஹி அப்படித்தான் சாட்சி சொன்னார். ஆனால் அந்த வாலின் சில புரதங்களுக்கு உறவான புரதங்கள், வேறு பாக்டீரியாக்களில் நச்சு செலுத்தும் ஊசியாக வேலை செய்கின்றன. பாதி மோட்டாருக்கும் பயன் உண்டு.

சரி, பரிணாமம்? எங்கே தோண்டலாம் என்று அது சொல்கிறது. எனக்கு அதுதான் பெரிய வித்தியாசம். மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிரைத் தேடி, சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழைய பாறைகள் உள்ள கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கு ஆய்வாளர்கள் போனார்கள். 2004இல் டிக்டாலிக் என்ற உயிரின் புதைபடிவம் கிடைத்தது: மீனின் செதில், தனியாகத் திரும்பும் கழுத்து, துடுப்புக்குள்ளே மணிக்கட்டு எலும்பு.