பழைய டூரிங் பைக்கில் கூடுதல் மின்கருவிகள்: நான்கு இணைப்பு முறைகளின் ஒப்பீடு

பழைய டூரிங் மோட்டார் சைக்கிளில் கூடுதல் விளக்கு, சூடேறும் கைப்பிடி, ஜிபிஎஸ், யுஎஸ்பி சார்ஜர் போன்றவற்றைப் பொருத்த நினைப்பவர்கள், எந்தக் கருவியை வாங்குவது என்று யோசிக்கும் அளவுக்கு, அதற்கான மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்று யோசிப்பதில்லை. கருவி பழுதானால் கழற்றி வைத்துவிடலாம். வயரிங் பழுதானால் வண்டியே நின்றுவிடும். நடைமுறையில் இருக்கும் வழிகள் நான்கு.

முதலாவது, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரடியாக வயர் இழுத்து, தனி சுவிட்ச் வைப்பது. பழைய வயரிங்கைத் தொடவே வேண்டியதில்லை என்பதும், வோல்ட் இழப்பு மிகக் குறைவு என்பதும் இதன் பலம். ஆனால் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அணைக்க மறந்துவிட்டால், 18 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஸ்டார்ட்டரைச் சுழற்றும் வலுவை அதற்கு வெகு முன்பே இழந்துவிடும். பேட்டரி சார்ஜருக்கான இணைப்புக்கும் டயருக்குக் காற்றடிக்கும் கருவிக்கும் மட்டுமே இந்த முறையை நான் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது, சாவி போட்டால் மின்சாரம் வரும் ஏதாவது ஒரு வயரில், பெரும்பாலும் பின்விளக்கு வயரில், கிளை எடுப்பது. செலவும் வேலையும் குறைவு என்பதால் பலர் நாடும் வழி இது. வோல்ட்மீட்டர், சிறிய சார்ஜர் என ஓர் ஆம்பியருக்குள் அடங்குபவற்றுக்கு இது போதும். அதற்கு மேல் போனால், பல ஆண்டுகளாகத் தேய்ந்து கருத்த இக்னிஷன் சுவிட்சின் தொடுமுனைகள் வழியாகவே அந்தச் சுமையும் பாய வேண்டியிருக்கும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் விளக்கின் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸைப் போடுவது இன்னும் ஆபத்தானது; ஃபியூஸ் இருப்பது வயரைக் காக்கத்தான், மெல்லிய வயருக்குப் பெரிய ஃபியூஸ் போட்டால் முதலில் எரிவது வயராகவே இருக்கும். மேலும், ஜிபிஎஸ் வயர் ஷார்ட் ஆனால் அதே ஃபியூஸில் இருக்கும் பின்விளக்கும் அணையும். இரவுப் பயணத்தில் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது.

மூன்றாவது முறை ரிலேயும் (சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) தனி ஃபியூஸ் பெட்டியும். சாவியால் வரும் மின்சாரம் ரிலேயின் 85, 86 முனைகளுக்கு இடையிலுள்ள சுருளை மட்டும் இயக்குகிறது. அதற்குத் தேவைப்படுவது 0.15 முதல் 0.2 ஆம்பியர்தான். கனமான மின்சாரம் பேட்டரியிலிருந்து 30ஆம் முனைக்கு வந்து, 87 வழியாக ஃபியூஸ் பெட்டிக்குப் போகிறது. இக்னிஷன் சுவிட்ச் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதன் மீது புதுச் சுமை ஏறுவதில்லை, ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸும் கிடைக்கிறது.

சுருளுக்கான மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் இந்த முறையின் நுட்பம் இருக்கிறது. பார்க்கிங் நிலை உள்ள சாவித் துளைகளில், அந்த நிலையிலும் பின்விளக்கு எரியும். அங்கிருந்து எடுத்தால், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போன பிறகும் எல்லாக் கருவிகளும் ஓடலாம். ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தும்போது ஹெட்லைட்டைத் துண்டிக்கும் வண்டிகளில் ஹெட்லைட் வயரிலிருந்து எடுப்பது நல்லது. இன்ஜின் கிளம்பும் அந்த நொடிகளில் கூடுதல் சுமையும் விலகி நிற்கும். முதன்மை ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். எர்த் வயரைத் துருப்பிடித்த சட்டத்துப் போல்ட்டில் கட்டாமல் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுவருவது, பின்னாளில் பல மர்மக் கோளாறுகளைத் தவிர்க்கும். இந்த வேலையைத் தனித்தனியாகச் செய்ய விரும்பாதவர்களுக்கு ஃபியூஸ்பிளாக்ஸ் எஃப்இசட்-1 போன்ற பெட்டிகள் உள்ளன. ரிலே உள்ளேயே இருக்கும், ஆறு மின்சுற்றுகளில் ஒவ்வொன்றையும் எப்போதும் இயங்குவதாகவோ சாவியோடு இயங்குவதாகவோ அமைத்துக்கொள்ளலாம், மொத்த வரம்பு 30 ஆம்பியர்.

நான்காவது, பிடிஎம்60 போன்ற மின்னணுப் பகிர்வுக் கருவி. ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல், ஆறு சுற்றுகளுக்கு மொத்தம் 60 ஆம்பியர் வரை தரும். சுமை மீறினால் அந்தச் சுற்றை மட்டும் தானே துண்டிக்கும். சிறியது, நேர்த்தியானது. ஆயினும், பழைய வண்டியில் தொலைதூரம் போகிறவருக்கு நான் ரிலேயையே சொல்வேன். ரிலே பழுதானால் எந்த வாகன உதிரிபாகக் கடையிலும் இன்னொன்று கிடைக்கும். சோதிக்க ஒரு துண்டு வயர் போதும். மூடி வார்க்கப்பட்ட மின்னணுப் பெட்டி வழியில் நின்றுவிட்டால் திறந்து பார்க்கவும் வழியில்லை.

எந்த முறையும், இன்ஜின் சுழற்சியிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தருவதைவிட அதிகம் தந்துவிடாது. பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்டி-யின் ஆல்டர்னேட்டர் 280 வாட், அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் சுழலும்போது மட்டும். 2001இல் வந்த ஹோண்டா ஜிஎல்1800-இன் அளவு 1100 வாட். முதல் வண்டியில் 80 வாட் சூடேறும் உடுப்பும் 110 வாட் கூடுதல் விளக்கும் சேர்ந்தால், ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் மிஞ்சுவது 90 வாட்தான். ஆகவே ஃபியூஸ் பெட்டியின் முதல் சுற்றில் ஒரு வோல்ட்மீட்டரை இணையுங்கள். எல்லாம் இயங்கும்போது ஓட்டத்தில் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கவில்லை என்றால், பேட்டரி தன் இருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது, ஏதேனும் ஒரு கருவியை அணைத்தாக வேண்டும்.