கழுதைப்பால் சோப்பு வாங்குனேன், டப்பால இருக்கறது வேற ஊரு கழுதை

மொதல்லயே சொல்லிடறேன், சோப்பு அவ்ளோ மோசம்லாம் இல்ல. ஆனா 399 ரூபாய்க்கு ஒரு கட்டி, அதுக்கு இவ்ளோ பில்டப்பு தேவையான்னுதான் கேக்குறேன். பிராண்ட் பேரு வேணாம், சின்ன கம்பெனி, பொழச்சுப் போகட்டும்.

நாட்டு மாடு நாட்டு நாய்னு எவன் எழுதினாலும் காச எடுத்து நீட்டுற ஆளு நானு. "குஜராத்தின் அரிய ஹலாரி கழுதைப்பால், நீங்க வாங்குனா ஒரு இனமே பொழைக்கும்"னு போட்டிருந்தான், உடனே ஆர்டர் போட்டுட்டேன். நாலு நாள்ல பார்சல் வந்துச்சு. பேக்கிங் சூப்பர், வைக்கோல் மாதிரி பேப்பர்லாம் வெச்சு அமக்களமா இருந்துச்சு. ஆனா டப்பா மேல இருந்த போட்டோவப் பாத்ததும் சிரிச்சுட்டேன். கருங்காப்பி கலர்ல, சடசடையா முடி தரை வரைக்கும் தொங்குற கழுதை. யோவ் அது ஹலாரி இல்லய்யா, பிரான்ஸ்ல இருக்கற புவாத்து! ஹலாரி வெள்ளையா இருக்கும், முடி குட்டையா இருக்கும், ஜாம்நகர் துவாரகா பக்கம் ஆடு மேய்க்கிற பர்வாடு, ரபாரி ஆளுங்க மந்தையோட ஊர் ஊரா போறப்ப மூட்ட தூக்கிட்டு கூடவே நடக்கும். வெயிலூர்க்காரனுக்கு அந்தக் கம்பளிச் சடை எதுக்கு?

கழுதைன்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு நெனக்கிறவங்களுக்கு, இல்லங்க. இமாச்சல் மலையில ஸ்பிதில இருக்கறது குளிருக்கும் மலை ஏத்தத்துக்கும் பழகுன குட்டக் கழுதை, குஜராத் கட்ச் பக்கத்து கச்சி வேற, ஹலாரி வேற, மூணையும் தனித்தனி இனம்னு கர்னால்ல இருக்கற கால்நடை மரபணு நிறுவனம் பதிவு பண்ணி வெச்சிருக்கு. எல்லாத்துக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா காட்டுக் கழுதைதான், போன எடத்துக்குத் தக்கபடி மாறி இருக்கு.

அந்த டப்பா போட்டோ கழுதையோட கதை இருக்கே, அதத்தான் இந்தக் கம்பெனிக்காரன் படிக்கணும். புவாத்து ஆண் கழுதைய அங்க குதிரையோட சேத்து கோவேறு கழுதை உருவாக்குவாங்க, நல்லா விலை போச்சு. ட்ராக்டர் லாரின்னு வந்ததும் கோவேறுக்கு மவுசு போச்சு, அதோட இதுவும் போச்சு, 1977ல எண்ணிப் பாத்தா 44 தான் மிச்சம். 44ஐ வெச்சு அதுக்குள்ளயே சேத்துட்டே போனா வர்றதெல்லாம் அண்ணன் தங்கச்சி ஆகிடும், ஒடம்புல ஒளிஞ்சிருந்த கோளாறுலாம் வெளிய வரும். அதனால போர்ச்சுகல்ல இருந்து பெட்டைக் கழுதைங்கள வாங்கிட்டு வந்து, புவாத்து ஆணோட தலமொற தலமொறயா சேத்து இனத்த மீட்டாங்க. இத்தனைக்கும் கழுதை ஒரு வருஷம் சினையா இருந்து ஒரே ஒரு குட்டி போடும், அவசரத்துக்கெல்லாம் பெருக்க முடியாது.

நம்ம நாட்டுல மொத்தக் கழுதையே 2012ல 3.2 லட்சம், 2019 கணக்கெடுப்புல 1.2 லட்சம்தான். செங்கச்சூளைக்கு வண்டி வந்துடுச்சு, தோலுக்காகக் கடத்துறதும் நடக்குது. அதனால பால் விக்கிறதுன்னா நான் எதிர்ப்பு இல்ல, காசு வந்தாத்தான் வளக்கிறவன் வளப்பான். ஆனா பாலுக்குன்னு வெச்சா ஆண் குட்டிய எவன் வெச்சுக்குவான்? ஆண் கொறஞ்சா மறுபடி அந்த அண்ணன் தங்கச்சி கதைதான். பண்ணைல எத்தன ஆண் இருக்கு, எந்தெந்த மந்தைல இருந்து வந்துச்சு, இதத்தான் வாட்ஸப்ல கேட்டேன். "டியர் கஸ்டமர், எங்க பொருள் 100 சதவீதம் இயற்கையானது"ன்னு பதில். போட்டோ பத்தி கேட்டதுக்கு ப்ளூ டிக்கு மட்டும்தான்.

சரி சோப்புக்கு வருவோம். நொரை நல்லா வருது, தோல் இழுக்கல, வாசன லேசா பாதாம் மாதிரி. மூணாம் நாளே சோப்பு டப்பால கொழகொழன்னு ஆயிடுச்சு. கிச்சன் தராசுல வெச்சேன், 100 கிராம்னு போட்டிருக்கு, 91தான் காட்டுது. பொருள் லிஸ்ட்ல தேங்காயெண்ணெய் மொதல், கழுதைப்பால் கடசிக்கு முந்தின எடம். ஒரு பெட்டை கறக்கறதே கொஞ்சூண்டு, குட்டி பக்கத்துல நின்னாத்தான் பாலே எறங்கும், அதனால அள்ளி ஊத்த மாட்டான்னு புரியுது. ஆனா அதுக்கு இந்த விலையா? எங்க தெருவுல கழுதையோடவே வந்து சங்குல கறந்து குடுத்துட்டுப் போவாரு ஒருத்தர், அவர்ட்ட கழுதையாவது கண் முன்னாடி நிக்கும். (பச்சப் பால கொழந்தைக்கு ஊத்தாதீங்க, அது வேற விஷயம்.)

5க்கு 2 ஸ்டார். ஒண்ணு நொரைக்கு, ஒண்ணு டப்பாவுக்கு. டப்பாவ பையன் வெட்டி ஸ்கூல் ப்ராஜெக்ட் நோட்டுல ஒட்டிட்டான், கீழ "இந்தியக் கழுதை"ன்னு எழுதி இருந்தான், அடிச்சுட்டு பிரான்ஸ்னு எழுத வெச்சேன்.