பழைய அமிகாவுக்குப் புது டவர்: நாலு வழிகளில் எது யாருக்கு?

சால்டரிங் இரும்பை கெப்பாசிட்டரின் காலில் வைத்ததும் அழுகிய மீன் வாடை அடித்தால், உள்ளிருந்த எலக்ட்ரோலைட் எப்போதோ கசிந்து போர்டில் பரவிவிட்டது என்று அர்த்தம். என் கைக்கு வந்த அமிகா 1200 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் அந்த நிலையில்தான் இருந்தது. மூடி இல்லை, கீபோர்டு இல்லை, பவர் சப்ளை இல்லை. செய்தித்தாளில் சுற்றிய மதர்போர்டு மட்டும். இதை ஒரு டவர் கேபினெட்டுக்குள் வைத்து உயிர்ப்பிக்கலாமா என்று விசாரித்தபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அதே போர்டைப் பழுது பார்த்து உள்ளே வை என்றார் ஒருவர். கசிந்த போர்டை நம்பாதே, புதிதாக அச்சிட்ட போர்டை வாங்கி இதிலுள்ள சிப்களை மட்டும் அதற்கு மாற்று என்றார் இன்னொருவர். உள்ளே வேண்டிய சுற்றை அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சிப் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்றார் மூன்றாமவர். ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு போதும் என்றார் கடைசி ஆள்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் போர்டு மட்டும் கையில் இருப்பவர் அதையே பிழைக்க வைக்கப் பார்க்க வேண்டும். அதற்கு டவர் நல்ல வீடு. பழைய விளையாட்டுகள் ஓடினால் போதும் என்பவருக்கு எஃப்பிஜிஏ. மூடி, கீபோர்டு எல்லாம் முழுசாக உள்ள மெஷின் வைத்திருப்பவருக்கு டவர் பேச்சே வேண்டாம். அந்தப் பெட்டியை வெட்டினால் திரும்பக் கிடைக்காது.

டவர் என்பது நாம் இன்று கண்டுபிடித்த ஆசையும் இல்லை. அமிகா 1200 வந்தது 1992இல். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி. அடியில் ஒரு சின்னக் கதவு, அதற்குள் 150 பின் கொண்ட விரிவாக்க இணைப்பு. உள்ளே இருந்த 68இசி020 ப்ராசசர் 14 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, சூடு பெரிதாக இல்லை. ஆனால் அந்தக் கதவு வழியே 68040, 68060 என்ற வேகமான ப்ராசசர்கள் கொண்ட கார்டு போட ஆரம்பித்ததும் காற்றுக்கே இடமில்லாமல் போனது. எல்பாக்ஸ், மைக்ரோனிக், ஐடெக் போன்ற நிறுவனங்கள் 90களிலேயே இதற்கு டவர் கிட் விற்றன. அமிகாவைத் தயாரித்த கமடோர் நிறுவனமே 1994இல் அமிகா 4000டி என்று ஒரு டவரை வெளியிட்டது.

அசல் போர்டு: வேலை அதிகம், பலனும் அதிகம்

பவர் சப்ளையில்தான் இந்த வழியில் அமிகா 1200க்கு வேலை சுலபம். அமிகா 1200க்கு வேண்டியது மூன்று மின்னழுத்தம்: +5, +12, -12 வோல்ட். டவர் பிசிகளில் இருக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இந்த மூன்றையும் தருகிறது. அமிகாவோடு வந்த அடாப்டர் 23 வாட்ஸ்தான். வேகம் கூட்டும் பெரிய ஆக்சிலரேட்டர் கார்டு போட்டவர்கள் அமிகா 500இன் கனமான அடாப்டரைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்ட காலம் உண்டு. ஏடிஎக்ஸில் அந்தத் தட்டுப்பாடே கிடையாது. ஐந்து பின் சதுரப் பிளக் ஒன்றை வாங்கி, சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்புக் கம்பிகளை உரிய பின்னில் பற்றவைத்தால் வேலை முடிந்தது. பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் ஓட ஆரம்பிக்கும்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். -12 வோல்ட்டை வேண்டாத வரி என்று விட்டுவிடக் கூடாது. ஆடியோ ஆம்ப்ளிஃபயரும் சீரியல் போர்ட்டும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. புதிதாக வரும் 12 வோல்ட் மட்டும் தரும் ஏடிஎக்ஸ்12விஓ வகை எஸ்எம்பிஎஸ் இதற்கு உதவாது. அடுத்தது, பிளக்கைப் போர்டில் செருகும் முன் ஒவ்வொரு பின்னையும் மல்டிமீட்டரில் பார்த்துவிட வேண்டும். 5 வோல்ட் இடத்தில் 12 வோல்ட் போனால் அமிகாவுக்கென்றே செய்த கஸ்டம் சிப்கள் போய்விடும், அவற்றை இன்று யாரும் தயாரிப்பதில்லை.

கமடோர் 64ஐ டவருக்குள் கொண்டுவர நினைப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் தலைவலி. 1982இல் வந்த அந்த மெஷினுக்கு 5 வோல்ட் டிசியோடு 9 வோல்ட் ஏசியும் வேண்டும். அந்த ஏசியிலிருந்துதான் ஒலி சிப் 6581க்கும் பழைய வீடியோ சிப்புக்கும் 12 வோல்ட் தயாராகிறது; கேசட் மோட்டார் ஓடுவதும் அதில்தான். 6526 சிப்பில் உள்ள நேரக் கடிகாரம் அந்த ஏசியின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் துடிப்பை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. எந்த ஏடிஎக்ஸ் சப்ளையும் ஏசி தராது. தனியே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தே ஆக வேண்டும், அதை டவருக்கு வெளியே வைப்பதுதான் பாதுகாப்பு. பழைய அடாப்டரை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் ரெகுலேட்டர் பழுதாகும்போது 5 வோல்ட் வரி மேலே ஏறி ரேம் சிப்களை எரித்துவிடும். போர்ட்களும் இடைஞ்சல் தரும். கமடோர் 64இல் ஜாய்ஸ்டிக், பவர், சுவிட்ச் எல்லாம் வலப்பக்கம். கார்ட்ரிட்ஜ், வீடியோ, டிஸ்க் எல்லாம் பின்பக்கம். டவரில் இருப்பது ஒரே ஒரு பின்பக்கம். அமிகா 1200இல் இடப்பக்க பிசிஎம்சிஐஏ கார்டு ஸ்லாட் நீங்கலாக இணைப்புகள் எல்லாம் பின்னால்தான் வரிசையாக இருக்கின்றன.

கெப்பாசிட்டர் விஷயத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. கமடோர் 64இல் துளை வழியே பற்றவைத்த பெரிய கெப்பாசிட்டர்கள், பெரும்பாலும் கசிவதில்லை. அமிகா 600, 1200, 4000 ஆகியவற்றில் போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டிய சின்னக் குப்பிகள், எல்லாமே கசியும். அமிகா 500 ப்ளஸ், 2000, 3000, 4000 வைத்திருப்பவர்களுக்கு நிக்கல் காட்மியம் பேட்டரி இன்னொரு எமன். அது கசிந்தால் போர்டின் செப்புத் தடங்களான ட்ராக்குகளைப் பச்சையாக அரித்துவிடும், வினிகர் தொட்டுத் துடைத்து முதலில் காரத்தை முறிக்க வேண்டும். 1200இல் அந்த பேட்டரி இல்லாதது பெரிய ஆறுதல்.

என் போர்டில் ஆடியோ பக்கத்து கெப்பாசிட்டர் ஒன்றை அவசரப்பட்டு மேலே இழுத்தேன். அதன் கால் பற்றியிருந்த செப்புத் திட்டான பேடும் கூடவே வந்துவிட்டது. கசிந்த திரவம் பேடின் பசையை ஏற்கெனவே தின்றிருந்தது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மீதியை எடுக்கும்போது புதிய ஈயத்தை இரண்டு காலிலும் ஊட்டி, இரண்டு இரும்புகளால் ஒரே நேரத்தில் சூடாக்கி, தானாக மிதந்து வரும்வரை காத்திருந்தேன். ஒரு பேடும் போகவில்லை. போன இடத்தில் ட்ராக்கைச் சுரண்டி, தலைமுடி மாதிரி ஒரு செப்புக் கம்பியைப் பற்றவைத்தேன். அதன்பின் இடது சேனல் ஒலித்தது.

பொருத்தும் வேலைக்கு வருவோம். ஏடிஎக்ஸ் போர்டு அளவு 305க்கு 244 மில்லிமீட்டர். அமிகா போர்டின் திருகுத் துளைகள் ஒன்றும் அதோடு பொருந்தாது. நடுவில் ஓர் அக்ரிலிக் தகடு வைத்து, தகட்டை ஏடிஎக்ஸ் துளைகளிலும் போர்டைத் தகட்டிலும் திருக வேண்டும். ஆக்சிலரேட்டர் போர்டின் அடியில் செருகப்படுவதால் அந்த இடத்தில் தகட்டை வெட்டிவிடுங்கள், அல்லது உயரமான ஸ்பேசர் போடுங்கள். தகட்டை முடித்துத் திருகியபின் இதைக் கவனித்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

கீபோர்டு இல்லாத போர்டு என்பதால் இதையும் யோசிக்க வேண்டியிருந்தது. அமிகா 500இல் கீபோர்டு கன்ட்ரோலர் கீபோர்டிலேயே இருக்கும். 1200இல் அது மதர்போர்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்த சிப்பின் மேல் கவ்வி யூஎஸ்பி கீபோர்டை ஏற்கும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. ஃப்ளாப்பிக்கு பிசி டிரைவை அப்படியே மாட்டினால் வேலை செய்யாது. அமிகா 2ஆம் பின்னில் டிஸ்க் மாறியதா என்றும் 34ஆம் பின்னில் டிரைவ் தயாரா என்றும் கேட்கும். பிசி டிரைவோ டிஸ்க் மாறிய தகவலை 34இல் தரும். யூஎஸ்பி ஸ்டிக்கை ஃப்ளாப்பி போலக் காட்டும் கோட்டெக் ஒன்றில் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற மென்பொருளை ஏற்றி முன்பக்கம் வைத்தால் இந்தத் தொல்லை தீரும். அதற்கு முன்பக்கம் 3.5 இஞ்ச் இடம் வேண்டுமே! இன்றைய டவர்களில் பாதி முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அல்லது வலை. வாங்கும்போது அழகைப் பார்க்காமல் டிரைவ் வைக்கும் அந்த இடம் (பே) இருக்கிறதா என்று பாருங்கள்.

திரை கடைசித் தடை. அமிகாவின் சாதாரணக் காட்சி 15 கிலோஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. பெரும்பாலான மானிட்டர்கள் 31க்குக் கீழே இறங்க மாட்டா. லிசா என்ற வீடியோ சிப்பின் மேல் கவ்வும் இண்டிவிஷன் ஏஜிஏ என்ற அடாப்டரைப் போட்டால் நேராக மானிட்டருக்குப் போகலாம். மூடிய அசல் பெட்டியில் இந்தக் கேபிளை வெளியே எடுக்கப் படாதபாடு படுவார்கள். டவரில் பின்பக்க ஸ்லாட் தகடு ஒன்று போதும்.

புதிய போர்டு, பழைய சிப்

ரீஅமிகா 1200 மாதிரி மறுபதிப்புப் போர்டுகள் பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அரிப்பு இல்லை, தூக்கிய பேட் இல்லை. ஏடிஎக்ஸ் டவர்தான் குறி என்றால் ஏ4000டிஎக்ஸ் இன்னும் வசதி. அமிகா 4000இன் வடிவமைப்பையே ஏடிஎக்ஸ் அளவில் வரைந்திருப்பதால் அக்ரிலிக் தகடு, ஸ்பேசர் வேலை எதுவும் இல்லை.

எனக்கு இதில் மனம் ஒப்பாத இடம் ஒன்று உண்டு. ஆலிஸ், லிசா, பாலா ஆகிய மூன்று கஸ்டம் சிப்களும் வேறொரு அமிகாவிலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு புதிய போர்டுக்கும் ஒரு பழைய போர்டு காலியாகிறது. அரித்துப்போய் எழவே முடியாத போர்டிலிருந்து எடுத்தால் அது மீட்பு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினிலிருந்து எடுத்தால் ஒன்றைக் கொன்று இன்னொன்றைப் பெற்றதாகத்தான் ஆகும். லிசாவின் 84 கால்களையும் சூடான காற்றில் கழற்றும்போது கைப்பழக்கம் இல்லாதவர் அந்த ஒரே சிப்பையும் இழக்கக்கூடும். முதல் வழியில் தவறினால் ஒரு பேட் போகும். இதில் தவறினால் மெஷினே போகும். கமடோர் 64க்கு இந்த வழி நன்றாகவே ஒத்துவரும், அதன் சிப்கள் நீளக் கால் கொண்டவை, பல சாக்கெட்டிலேயே இருக்கும், நகத்தால் நெம்பினாலே வந்துவிடும்.

எஃப்பிஜிஏவும் மற்றதும்

எஃப்பிஜிஏ என்றால் மென்பொருள் நடிப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியில்லை. பழைய சிப்பின் தர்க்கச் சுற்றையே புதிய சிப்புக்குள் மீண்டும் அமைக்கிறார்கள். அமிகாவை எஃப்பிஜிஏவில் அமைத்த மினிமிக் வடிவமைப்பை டென்னிஸ் வான் வீரன் 2007இல் எல்லோருக்கும் திறந்து வைத்தது இந்த வழியின் பெரிய திருப்பம். இன்று டிஇ10-நானோ என்ற எஃப்பிஜிஏ போர்டில் ஓடும் ‘மிஸ்டர்’ திட்டம் அமிகா, கமடோர் 64, ஸ்பெக்ட்ரம் என்று பல பழைய கம்ப்யூட்டர்களை ஒரே இடத்தில் தருகிறது. 5 வோல்ட் போதும், எச்டிஎம்ஐ நேராக வரும், கசிய எதுவும் இல்லை. என்னிடம் போர்டே இல்லாதிருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

ஆனால் இதற்கு டவர் எதற்கு? உள்ளங்கை அளவுப் போர்டை இவ்வளவு பெரிய பெட்டிக்குள் வைத்தால் உள்ளே காற்றுதான் மிச்சம். 170 மில்லிமீட்டர் சதுர மினி-ஐடிஎக்ஸ் போர்டுக்கான சின்ன கேபினெட் இதற்கு ஏற்றது. பழைய ஆக்சிலரேட்டர் கார்டு ஏதாவது வைத்திருந்தால் அதை இதில் செருக வழியில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

ராஸ்பெரி பையில் அமிகாவைப் போல நடிக்கும் மென்பொருளான அமிபெர்ரியை ஓட்டுவது ஒரு மதிய நேர வேலை. விளையாடிப் பார்க்க நல்லது. டவர் கட்டும் அளவுக்கு அதில் பொருள் இல்லை. அதே பையை பிஸ்டார்ம் என்ற இணைப்புப் போர்டு வழியாக உண்மையான அமிகாவின் ப்ராசசர் இடத்தில் உட்கார வைப்பது வேறு கதை. அதில் கஸ்டம் சிப்கள் அசலாகவே ஓடுகின்றன, வேகம் மட்டும் பலமடங்கு கூடுகிறது. 1200க்கும் அதற்கென்று தனி வகை உண்டு. முதல் வழியில் போனவர்கள் அடுத்த கட்டமாக இதை நினைத்துப் பார்க்கலாம். பையின் சூட்டுக்கு டவரின் 120 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும்.

என் போர்டு இப்போது டவரில் இருக்கிறது. முன்பக்கப் பொத்தான் விரலை எடுத்ததும் மேலே வந்துவிடும் வகை, பச்சைக் கம்பிக்கு அழுத்தினால் அப்படியே நிற்கும் வகை வேண்டும் என்பதால் அதை மாற்றினேன். பவர் விளக்கை எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டிவிடத்தான் முதலில் கை போனது. பிறகு அந்த இரண்டு கம்பிகளையும் போர்டின் எல்ஈடி இணைப்புக்கே கொண்டுபோனேன். அமிகாவில் அந்த விளக்கு ஆடியோ ஃபில்டரோடு கட்டப்பட்டது. ஃபில்டர் இருந்தால் பிரகாசம், ப்ரோக்ராம் அதை நீக்கினால் மங்கல். ஒரு பழைய இசை மாட்யூலை ஏற்றியதும் முன்பக்க விளக்கு சற்று மங்கியது, ஒலி கூர்மையானது.