முதலாளி கண்ணில் படாமல் பதிவிட எந்தச் செயலி உதவும்? மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று எந்த ஊராக இருந்தாலும், வேலை ரிசார்ட்டிலோ தேயிலை ஃபேக்டரியிலோ விடுதிப் பள்ளியிலோ எங்கே இருந்தாலும், ஒரு விஷயம் பொது. முதலாளி நம்பர் உங்கள் போனில் இருக்கும், உங்கள் நம்பர் அவரிடம் இருக்கும். அவருடைய மச்சான் உங்களுக்கு ஃபேஸ்புக் நண்பர். ஹட்டியின் (படுகர் ஊரின்) வாட்ஸ்அப் குழுவில் ஃபேக்டரி ஓனரும் இலை நிறுக்கிற பையனும் சேர்ந்தே இருப்பார்கள். பெருநகரத்து ஐடி ஊழியரை மனதில் வைத்துச் சொல்லப்படும் பிரைவசி யோசனைகள் இங்கே பாதிதான் பலிக்கும். 'நண்பர்கள்' என்ற வட்டமும் 'நண்பர்களின் நண்பர்கள்' என்ற வட்டமும் மலையில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதனால் இந்த மதிப்பீட்டுக்கு ஒரே அளவுகோல்: இன்னின்னார் மட்டும் பார்க்கட்டும் என்று பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க ஒரு செயலி எவ்வளவு இடம் தருகிறது? 'இவரைத் தவிர' என்று விலக்கும் வசதியை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளியை விலக்கினால் மேனேஜர், அவர் தம்பி, கார் டிரைவர் என்று இன்னும் மூன்று பேர் பட்டியலில் மிச்சம் இருப்பார்கள்.

வாட்ஸ்அப் (5க்கு 3)

அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதுவும் ஸ்டேட்டஸில். சீசன் நேரத்தில் இரட்டை ஷிஃப்ட் பார்த்த அலுப்பில் ராத்திரி போட்ட ஒரு வரி, காலையில் சூப்பர்வைசர் கையில் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கும். செட்டிங்ஸ், பிரைவசி, ஸ்டேட்டஸ் என்று போனால் மூன்று தேர்வுகள் வரும்: மை கான்டாக்ட்ஸ், மை கான்டாக்ட்ஸ் எக்ஸப்ட், ஒன்லி ஷேர் வித். மூன்றாவதை எடுத்து, வேலைக்கு வெளியே உள்ள நெருங்கியவர்களை மட்டும் டிக் செய்யுங்கள். இரண்டாவதை நம்ப வேண்டாம். புதிதாகச் சேர்ந்த மேனேஜரின் நம்பரை நீங்கள் சேமித்த அந்த நிமிடமே அவர் பார்ப்பவர் பட்டியலுக்குள் வந்துவிடுவார். ஒன்லி ஷேர் வித்தில் அப்படி யாரும் தானாக நுழைய முடியாது.

இரண்டு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, அமைப்பை மாற்றினால் அது இனிப் போடும் ஸ்டேட்டஸுக்குத்தான் செல்லும். ஏற்கெனவே போட்டதைக் கையால் அழிக்க வேண்டும். மற்றொன்று, ஸ்டேட்டஸைப் பார்த்தவர் பட்டியலில் முதலாளி பெயர் இல்லை என்பதால் அவர் பார்க்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. ரீட் ரிசீட்ஸை (நீல டிக் காட்டும் அமைப்பை) அணைத்து வைத்திருப்பவர் பார்த்தால் பெயர் வராது. நீங்களே அணைத்து வைத்திருந்தால் யார் பார்த்தார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது.

குழுக்களில் நிலைமை இன்னும் மோசம். 2025ல் வந்த அட்வான்ஸ்டு சாட் பிரைவசியை இயக்கினால் உரையாடலை மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்வது நிற்கும், படங்கள் தானாகப் போனில் இறங்குவதும் நிற்கும். ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது. ஊழியர்கள் மட்டும் உள்ள குழு என்றாலும், அதில் ஒருவர் எடுத்து அனுப்பினால் போதும். சட்டத்தில் ஒரு ஆறுதல் உண்டு. தனிப்பட்ட வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தை விமர்சித்த கிராம வங்கி ஊழியர் ஒருவருக்குத் தரப்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணையை 2023ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. மனக்குறையைக் கொட்டித் தீர்க்கும் உரிமையை அந்தத் தீர்ப்பு ஏற்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் ரிசார்ட்டில் தினக்கூலிக்கோ சீசனுக்கு மட்டுமோ நிற்பவருக்குக் குறிப்பாணை எல்லாம் வராது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்ற ஒரு போன்தான் வரும். அவருக்கு முதல் காவல் செட்டிங்ஸ்தான்.

ரிசப்ஷனிலோ ஆபீஸிலோ உள்ள கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறப்பவர்கள் லிங்க்டு டிவைசஸ் பகுதியை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். பிரவுசரை மூடினால் லாக் அவுட் ஆகாது. அடுத்த ஷிஃப்ட்காரர் திறந்தால் உங்கள் சாட் முழுவதும் அவர் முன்னால் விரியும். குவார்ட்டர்ஸ் வைஃபை வழியாக ஓனர் மெசேஜைப் படிப்பார் என்ற பயம் சிலருக்கு உண்டு. அப்படிப் படிக்க முடியாது. எந்தச் செயலி, எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா என்ற அளவுக்குத்தான் தெரியும்.

ஃபேஸ்புக் (5க்கு 3.5)

பழைய பதிவுகளை மூடுவதில் இதற்கு இணை இல்லை. லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ் என்ற அமைப்பை ஒருமுறை அழுத்தினால், இதுவரை பப்ளிக்காகவும் நண்பர்களின் நண்பர்களுக்கும் போட்டவை எல்லாம் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருங்கும். இதைத் திரும்பப் பெற ஒரே அழுத்தலில் வழி கிடையாது. பதிவு பதிவாகத்தான் மாற்ற வேண்டும். 2020 மே மாதம் இந்தியாவுக்கு வந்த புரொஃபைல் லாக்கும் நல்லது. நண்பர் அல்லாதவர் பதிவுகளைப் பார்க்க முடியாது, புரொஃபைல் படத்தைப் பெரிதாக்கவும் முடியாது. வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் இந்த இரண்டையும் செய்துவிட்டு, வியூ ஆஸ் வழியாக வெளியாள் கண்ணுக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

முதலாளி ஏற்கெனவே நண்பர் பட்டியலில் இருந்தால் அன்ஃபிரெண்ட் செய்வது சங்கடம். அவரை ரெஸ்ட்ரிக்டட் பட்டியலில் போடுங்கள். நண்பராகவே தொடர்வார், அறிவிப்பும் போகாது. பப்ளிக் பதிவுகளும் அவரை டேக் செய்தவையும் மட்டும் அவருக்குத் தெரியும். மேனேஜர், அவர் தம்பி, டிரைவர் என்று எல்லாரையும் அதே பட்டியலில் சேர்க்கலாம்.

ஓட்டை எங்கே? மற்றவர்கள் பக்கத்தில் போடும் கமென்டில். பச்சைத் தேயிலை விலை பற்றிய ஒரு செய்திப் பக்கத்தின் கீழே 'ஃபேக்டரிக்காரங்க சேர்ந்துதான் விலையைக் குறைக்கிறாங்க' என்று எழுதினால், உங்கள் புரொஃபைல் பூட்டியிருந்தாலும் அந்த கமென்ட் ஊருக்கே தெரியும். கமென்டை யார் பார்க்கலாம் என்பது பதிவு போட்டவரின் அமைப்பைப் பொறுத்தது, உங்கள் அமைப்பை அல்ல. வீட்டில் அரை ஏக்கர் தேயிலை வைத்துக்கொண்டு, அந்த இலையை வாங்கும் அதே ஃபேக்டரியில் சம்பளத்துக்கும் நிற்கிறவர்கள் நீலகிரியில் நிறைய. விலையைப் பற்றிப் பேச அவர்களுக்கு முழு உரிமை உண்டு, அதைக் கைவிடச் சொல்லவில்லை. எங்கே பேசினால் யார் காதில் விழும் என்று தெரிந்து பேசுங்கள். ஊர்ப் பெயரில் இயங்கும் பப்ளிக் குழுக்களுக்கும் இதே கதைதான்.

டேக் ரிவ்யூ பற்றியும் தவறான நம்பிக்கை இருக்கிறது. மெடிக்கல் லீவ் போட்ட நாளில் நண்பர் ஒருவர் பைக்காரா படகில் எடுத்த படத்தில் உங்களை டேக் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிவ்யூ அந்தப் படத்தை உங்கள் டைம்லைனில் வராமல் தடுக்கும், அவ்வளவுதான். நண்பரின் பக்கத்தில் அது இருக்கவே செய்யும். டேக்கை நீக்கிவிட்டு, படத்தையும் எடுக்கச் சொல்லி அவரைக் கேட்பதுதான் வழி.

இன்ஸ்டாகிராம் (5க்கு 4)

எங்கள் அளவுகோலுக்கு மிக நெருக்கமாக வருவது, ஸ்டோரியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் காட்டும் இதன் குளோஸ் ஃபிரெண்ட்ஸ் பட்டியல். பெயர் பெயராகச் சேர்க்கலாம், பட்டியல் யாருக்கும் தெரியாது, ஒருவரை நீக்கினால் அவருக்கு அறிவிப்பு போகாது. கணக்கைப் பிரைவேட் ஆக்கினால் போதும் என்று நின்றுவிடாதீர்கள். ஏற்கெனவே ஃபாலோ செய்பவர்கள் அப்படியே இருப்பார்கள். ஃபாலோயர் பட்டியலைத் திறந்து ரிமூவ் அழுத்த வேண்டும். சுற்றுலாப் படத்துக்காக ஃபாலோ செய்த, பூப்படம் மட்டும் போட்டிருக்கும் தெரியாத கணக்குகளையும் சேர்த்தே நீக்குங்கள்.

ஒரு புள்ளி குறைத்ததற்குக் காரணம் கிராஸ் போஸ்டிங். அக்கவுன்ட்ஸ் சென்டரில் ஃபேஸ்புக்குடன் இணைத்து வைத்திருந்தால், இங்கே போடும் ஸ்டோரி அங்கேயும் போகலாம். அங்கே யார் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது ஃபேஸ்புக் ஸ்டோரியின் அமைப்பு. தானாகப் பகிர்வதை அணைத்துவிடுங்கள்.

லிங்க்ட்இன் (5க்கு 2)

பெரிய ஹோட்டல் மேலாளர்களுக்குத்தான் இது தேவை. வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் ஓபன் டு வொர்க் அமைப்பு, உங்கள் இப்போதைய கம்பெனிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள முயல்கிறது. முழு உத்தரவாதம் தர முடியாது என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. ஹோட்டல்காரர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்த ஊரில் அதை இயக்காமல் இருப்பதே மேல்.

எந்த அமைப்பும் காப்பாற்றாத இடங்கள்

விருந்தினர் முகம், அறை எண், வண்டி நம்பர், விடுதிப் பள்ளிப் பிள்ளைகளின் படம் ஆகியவற்றை எந்தப் பட்டியலிலும் போடக்கூடாது. இதில் முதலாளி நடவடிக்கை எடுத்தால் நியாயம் அவர் பக்கம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெல்லிங்டன் ராணுவ வளாகம் போன்ற இடங்களில் உள்ளே எடுத்த படம் அதிகாரப்பூர்வ ரகசியங்கள் சட்டம் வரை கொண்டுபோகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கும்படி 2020 ஜூலையில் ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. மாநில அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன.

தனியாரில் இருப்பவர்களுக்கு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தெரிந்திருக்கலாம். ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நீங்களே பொதுவில் வெளியிட்ட தகவலுக்குப் பொருந்தாது. பப்ளிக்காகப் போட்ட பதிவை முதலாளி படித்தார் என்று அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. பாஸ்வேர்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொருவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை தரக்கூடிய குற்றம்.

கம்பெனி சிம்

ரிசார்ட் கொடுத்த சிம்மில் சொந்த வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் நடத்துபவர்கள் ஏராளம். பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று யார் அழுத்தினாலும் ஓடிபி அந்த சிம்முக்குத்தான் வரும். சிம்மைத் திருப்பிக் கொடுத்த பிறகு அது யார் கையில் இருக்கும் என்று யோசியுங்கள். வேலையை விடும் முன், சிம் உங்களிடம் இருக்கும்போதே இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் சொந்த நம்பரை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஜிமெயில் மூன்றிலும் சேர்த்து உறுதி செய்யுங்கள். பிறகு கம்பெனி நம்பரை அவற்றிலிருந்து நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் அக்கவுன்ட், சேஞ்ச் நம்பர் வழியாகச் சொந்த நம்பருக்கு மாறி, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின்னைப் போடுங்கள். கூகுள் பே இருந்தால் வங்கியில் பதிவான நம்பரையும் பாருங்கள். அது கம்பெனி நம்பராக இருந்தால் சிம்மைக் கொடுக்கும் முன் வங்கியில் மாற்றியாக வேண்டும். சேஞ்ச் நம்பரின் நடுவே, நம்பர் மாறியதை எல்லாருக்கும் அறிவிக்கலாமா என்று வாட்ஸ்அப் கேட்கும்போது கஸ்டமைத் தேர்ந்தெடுத்து, தேவையானவர்களை மட்டும் டிக் செய்யுங்கள்.